போர்க்காலத்து சுவிஸ் வாட்சுகள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பழைய ராணுவ வாட்சுகளைச் சேர்க்கத் தொடங்கி பதினான்கு வருடம் ஆகிறது. அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். போனில் படம் அனுப்பிக் கேட்பவர்கள் தனி. பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகக் கீழே வைத்திருக்கிறேன். முதல் உலகப் போரும் இரண்டாம் உலகப் போரும்தான் இதில் அதிகம் வரும்.

சண்டை போடப் போறவருக்குத் துப்பாக்கி போதாதா? வாட்ச் எதுக்கு?

முதல் உலகப் போரில் பீரங்கிப் படை பின்னாலிருந்து குண்டு வீசும், காலாட்படை முன்னால் நகரும். குண்டு எப்போது நிற்கும், எப்போது அடுத்த வரிசைக்குத் தள்ளிப்போகும் என்பதெல்லாம் முன்கூட்டியே நிமிடக் கணக்கில் எழுதி வைத்த திட்டம். சீக்கிரம் கிளம்பினால் தன் பக்கத்துக் குண்டே தன் தலையில் விழும். தாமதமாகக் கிளம்பினால் எதிரி பதுங்கு குழியிலிருந்து எழுந்து இயந்திரத் துப்பாக்கியைத் தயார் செய்துவிடுவான்.

1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போர்முனை. தாக்குதல் காலை 7.30-க்கு. ஆனால் ஹாதார்ன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஜெர்மானியர்களின் காவல் அரணுக்கு அடியில் புதைத்த பெரிய வெடியை 7.20-க்கே வெடித்தார்கள். அந்தப் பத்து நிமிடம் அங்கிருந்த ஜெர்மானியர்களுக்கு முன்னறிவிப்பாகிவிட்டது. அன்று ஒரே நாளில், அந்தப் போர்முனை முழுவதிலுமாக, பிரிட்டிஷ் தரப்பில் 19,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அத்தனைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒரு நிமிடத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

பாக்கெட் வாட்ச்தான் இருந்ததே, கைக்கு எப்போ வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையில் கட்டும் வாட்ச் என்றால் அது பெண்களின் நகை. ஆண்கள் சங்கிலி போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர், சின்ன பாக்கெட் வாட்சை ஒரு தோல் உறைக்குள் வைத்து மணிக்கட்டில் கட்டத் தொடங்கினார்கள். ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியும் இருக்கும்போது பைக்குள் கையை விட்டுத் துழாவ முடியாது.

1914-க்குப் பிறகு பதுங்கு குழிப் போர் இதை ஊர்ப் பழக்கமாக்கிவிட்டது. பெல்ட்டும் கனமான கோட்டும் சேறும் சேர்ந்தபின் பாக்கெட் வாட்சை எடுப்பது பெரும் பாடு. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் கையிலேயே கட்டிக்கொண்டு வந்தார்கள். ‘அது பெண்கள் சமாச்சாரம்’ என்ற பேச்சும் அதோடு போயிற்று.

ஏன் சுவிஸ்? பிரிட்டன்காரனுக்கு வாட்ச் செய்யத் தெரியாதா?

தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் செய்தவை பெரும்பாலும் பாக்கெட் வாட்சுகள். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பகுதியில், பீல், லா ஷோ-த-ஃபோன் போன்ற ஊர்களில், பெண்களுக்கான சின்ன வாட்சுகளுக்காக, வாட்சுக்குள்ளே ஓடும் சின்ன மெஷின்களை ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். கைக்கடிகாரத்துக்குத் திடீரென்று ஆள் வந்தபோது கையில் சரக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். வேலையும் பிரிந்திருந்தது: ஒரு வீட்டில் டயல், ஒரு பட்டறையில் பல்சக்கரம், இன்னொரு இடத்தில் கேஸ், அதாவது வெளிக்கூடு.

ரோலெக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1905-ல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. தொடங்கியவர்களில் ஒருவரான ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர். மெஷின் வந்தது பீல் நகரத்து ஏக்ளர் பட்டறையிலிருந்து. 1915-ல் பிரிட்டன் இறக்குமதி வாட்சுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டது. 1919-ல் வில்ஸ்டோர்ஃப் ஜெனீவாவுக்கே போய்விட்டார்.

முதல் உலகப் போர் வாட்சைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்ட்ராப் மாட்டும் இடத்தைப் பாருங்கள். வட்டமான கேஸின் மேலும் கீழும் வளைத்துப் பற்றவைத்த கம்பிதான் இருக்கும், சின்ன வாளிப் பிடி மாதிரி. டயல் பெரும்பாலும் வெள்ளை எனாமல் அல்லது கறுப்பு. எண்கள் பெரியதாக, உள்ளே ஒளிப்பூச்சு நிரப்ப இடம் விட்டு வரைந்திருப்பார்கள். சிலவற்றில் 12 மட்டும் சிவப்பு. கண்ணாடி உடையாமல் இருக்க மேலே ஓட்டை போட்ட உலோக மூடி ஒன்றும் மாட்டுவார்கள், ஜன்னல் கிராதி மாதிரி. அப்போது பிளாஸ்டிக் கண்ணாடி பரவலாகவில்லை.

வெள்ளிக் கேஸ் என்றால் இன்னொரு சௌகரியம் உண்டு. 1907 ஜூன் முதல், பிரிட்டனுக்கு வரும் தங்க, வெள்ளி வாட்ச் கேஸ்களை அங்கே உலோகத்தின் தரம் பார்க்கும் சோதனை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை குத்த வேண்டும் என்று சட்டம். அந்த முத்திரையில் வருடத்துக்கு ஓர் எழுத்து உண்டு. பின்மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தால் எந்த வருடத்து முத்திரை என்பது தெரிந்துவிடும். விற்பவர் சொல்லும் கதையைவிட நான் இந்த எழுத்தைத்தான் நம்புவேன்.

எல்லா சிப்பாய்க்கும் வாட்ச் கொடுத்தாங்களா?

இல்லை. முதல் போரில் அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கிக்கொண்டார்கள். 1916-ல் வெளிவந்த ஓர் அதிகாரிகள் கையேட்டில், போர்முனைக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள் பட்டியலில் முதலில் இருப்பதே உடையாத கண்ணாடி போட்ட, இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரம்தான். தந்தி, சிக்னல் போன்ற வேலைக்காரர்களுக்கு அரசே பாக்கெட் வாட்ச் கொடுத்தது.

இரண்டாம் போரிலும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பீரங்கிப் படை, சிக்னல், பொறியாளர், விமானத்தில் வழி கணிப்பவர் என்று வேலைக்கு நேரம் தேவைப்பட்டவருக்குக் கொடுத்தார்கள். அது அரசுச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்மூடியில் குறி போட்டதற்குக் காரணமும் அதுதான்.

பின்பக்கம் அம்பு மாதிரி ஒண்ணு இருக்கே, அது என்ன?

மூன்று கோடு சேர்ந்து மேல் நோக்கி நிற்கும் அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். வாட்சுக்கு மட்டும் உரியது இல்லை. பீரங்கியிலிருந்து கரண்டி வரை குத்தியிருப்பார்கள். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அந்தப் பொருளை அரசு சேவையிலிருந்து விடுவித்து விற்றுவிட்டது என்று பொருள்.

‘டர்ட்டி டசன்’னு சொல்றாங்களே, அது என்ன வாட்ச்?

சேகரிப்பவர்கள் பிற்காலத்தில் வைத்த செல்லப் பெயர் அது. இரண்டாம் போரின் நடுவில், கடையில் கிடைக்கும் வாட்சையே வாங்கிக் குறி குத்திக் கொடுத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ராணுவம், தனக்கென்று ஓர் அளவுகோல் எழுதியது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், 6 மணி இடத்தில் தனி நொடி முள், 15 ஜுவல் (தேய்மானம் குறைக்க வைக்கும் சின்னக் கல்) மெஷின், உடையாத கண்ணாடி, தண்ணீர் புகாத கேஸ், ஒளிரும் முட்கள். இதற்கு ஒப்புக்கொண்ட சுவிஸ் நிறுவனங்கள் பன்னிரண்டு: பியூரன், சீமா, எடெர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர்-லெகூல்த்ர், லெமானியா, லாஞ்சீன்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டைமர், வெர்டெக்ஸ். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் வாட்ச்.

பின்மூடியில் மூன்று டபிள்யூ வரிசையாக இருக்கும். வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப் என்பதன் சுருக்கம், ராணுவ ஸ்டோர் பட்டியல் பேசும் பாஷை. கீழே இரண்டு எண்கள். ஒன்று நிறுவனத்தின் சொந்த வரிசை எண், இன்னொன்று ராணுவ எண். ராணுவ எண்ணுக்கு முன்னால் பல நிறுவனங்களுக்கு ஓர் எழுத்து உண்டு. ஒமேகாவுக்கு ஒய், வெர்டெக்ஸுக்கு ஏ.

என் பீரோவில் இருப்பது ஒரு டைமர். ஸ்ட்ராப்பைக் கழற்றினால், மணிக்கட்டு எலும்பு உரசிய இடத்தில் கேஸின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஸ்ட்ராப் கம்பி கேஸோடு அசையாமல் பொருத்தியது, வளையவே வளையாது. ஸ்பிரிங் கம்பி என்றால் ஒரு முள்வேலியில் சிக்கினாலும் தெறித்துவிடும், வாட்ச் சேற்றுக்குள் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இப்படிச் செய்தார்கள். சாவி கொடுக்கும் திருகும் பெரிது, கையுறை போட்டுக்கொண்டே திருப்பலாம். இதில் அழகுக்கென்று செய்த ஒரு கோடுகூட இல்லை. எனக்கு இது அத்தனை அழகாகத் தெரிவதும் அதனால்தான்.

நார்மண்டியில இறங்கினவங்க கையில இதுதான் இருந்ததா?

விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நார்மண்டித் தரையிறக்கம் 1944 ஜூன் 6. இந்தப் பன்னிரண்டு வாட்சுகளும் ராணுவத்துக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் 1945-ல். ஐரோப்பாவில் போர் அந்த மே மாதமே முடிந்துவிட்டது. அதற்கு முன் பிரிட்டிஷ் வீரர்கள் கட்டியவை ஏ.டி.பி. என்று பின்னால் குறி போட்ட, வெள்ளை அல்லது வெள்ளி நிற டயல் கொண்ட சுவிஸ் வாட்சுகள். விலையும் குறைவு, பேச்சும் குறைவு. ஆனால் போரை உண்மையில் பார்த்தவை அவைதான். புதிதாகச் சேர்க்க வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவதும் அவற்றைத்தான்.

பன்னிரண்டில் கிரானாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

குறைவாகச் செய்தார்கள், அவ்வளவுதான். ஒமேகா 25,000 கொடுத்ததாகக் கணக்கு. கிரானா அதில் மிகச் சின்னப் பங்கு. பன்னிரண்டையும் சேர்த்து வரிசையாக வைக்க ஆசைப்படுபவர்கள் எல்லாரும் கடைசியில் கிரானாவிடம்தான் வந்து நிற்பார்கள். அதன் மெஷின் மற்றவற்றைவிட ஒசத்தி என்று நினைத்து வாங்காதீர்கள்.

அண்ணே, ஜெர்மன்காரனும் சுவிஸ் வாட்சுதான் கட்டினானா?

ஆமாம். ஜெர்மன் தரைப்படை வாட்சுகளில் பின்னால் டி, எச் என்ற இரண்டு எழுத்து இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்தில் செய்தவை. அல்பினா, ஹெல்மா, டைட்டஸ், ரெக்கார்ட், மினெர்வா, செனித் என்று நீண்ட பட்டியல். பலவற்றுக்குள் ஓடியது ஏ.எஸ். 1130 என்ற ஒரே மெஷின். அன்றைய ஜெர்மன் ராணுவத்தின் பெயரை வைத்து, சேகரிப்பவர்கள் அதற்கு ‘வேர்மாக்ட் மெஷின்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் பட்டியலை மறுபடி பாருங்கள், ரெக்கார்ட் அங்கேயும் இருக்கிறது.

விமானப்படைக்கு இன்னொரு வகை. 55 மில்லிமீட்டர் அகலம், விமானி போடும் கோட்டுச் சட்டைக்கு மேலேயே கட்டும் அளவுக்கு நீண்ட ஸ்ட்ராப். ஐந்து பேர் செய்தார்கள்: லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஐ.டபிள்யூ.சி. முதல் நால்வரும் ஜெர்மானியர்கள். ஐந்தாவது சுவிஸ், அதே ஐ.டபிள்யூ.சி. பிரிட்டனுக்கும் கொடுத்தது.

ரெண்டு பக்கமும் வித்தது நியாயமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம், வாட்சை வெறும் பொம்மையாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. 1940-ல் பிரான்ஸ் விழுந்தபின் ஜெர்மனியும் இத்தாலியும் அவற்றின் கைக்குள் இருந்த நிலமும் அதைச் சுற்றி வளைத்துவிட்டன. நிலக்கரியும் இரும்பும் அவர்கள் வழியாகத்தான் வர வேண்டும். 1944 கோடை முடிவில் நேசப் படைகள் ஜெனீவா எல்லையைத் தொட்டபிறகுதான் அந்த வளையம் உடைந்தது.

நெருக்கடி உண்மை. ஆனால் வாட்ச் தொழிற்சாலைகள் விற்றது வாட்ச் மட்டும் இல்லை, குண்டைக் குறித்த நேரத்தில் வெடிக்க வைக்கும் நேர உருகிகளையும் செய்து விற்றார்கள். அதை ‘வேறு வழியில்லை’ என்ற ஒரு வரியில் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. டி.எச். வாட்ச் ஒன்று சில வருடம் என்னிடம் இருந்தது. நல்ல மெஷின், துல்லியமாக ஓடும். ஆனாலும் ஒரு நாள்கூடக் கட்டத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டேன். சேகரிப்பவர்கள் எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

பானராய் இத்தாலி வாட்ச்தானே? அதை ஏன் சுவிஸ் கணக்கில் சேர்க்கிறீங்க?

பெயர் இத்தாலி, உடல் சுவிஸ். ஃபிளாரன்ஸ் நகரத்துப் பானராய் இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் கொடுத்த குடும்பம். முத்துக்குளிப்பவர்போல் மூழ்கிப் போகும் வீரர்களுக்கு வாட்ச் கேட்டபோது, அவர்கள் ரோலெக்ஸிடம் போனார்கள். 47 மில்லிமீட்டர் கேஸ், உள்ளே கோர்த்தேபேர் மெஷின். இரண்டும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை.

அந்தப் படைப்பிரிவு 1941 டிசம்பர் 19 அதிகாலை எகிப்தின் அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள் புகுந்தது. மூன்று நீருக்கடி வாகனங்கள், ஆறு பேர். வேலியண்ட், குவீன் எலிசபெத் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் நேரம் வைத்த வெடியைப் பொருத்தினார்கள். இரண்டு கப்பலும் துறைமுகத் தரையில் உட்கார்ந்துவிட்டன. இருட்டில், தண்ணீருக்கடியில், வாட்சின் ஒளிப்பூச்சு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹாமில்டன் சுவிஸ்தானே? அமெரிக்க ராணுவம் அதைத்தானே கட்டியது?

இன்று சுவிஸ். அன்று பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் இருந்த அமெரிக்க நிறுவனம். இரண்டாம் போரில் அமெரிக்க விமானப் படையினர் கட்டிய ஏ-11 வகை வாட்சை எல்ஜின், வால்தம், புலோவா என்ற மூன்று அமெரிக்க நிறுவனங்கள்தான் செய்தன. அதனால் ‘அமெரிக்க ராணுவத்து சுவிஸ் வாட்ச், 1943’ என்று யாராவது காட்டினால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

கைதிகளுக்கு ரோலெக்ஸ் கடனுக்குக் கொடுத்ததாம், நிஜமா சார்?

நிஜம். ஜெர்மனியில் கைதியாகும் விமானப்படை அதிகாரிகளின் வாட்சைப் பிடுங்கிக்கொள்வது நடந்தது. வில்ஸ்டோர்ஃபுக்கு இது தெரிய வந்ததும், பிரிட்டிஷ் போர்க்கைதிகள் கடிதம் எழுதினால் வாட்ச் அனுப்புவதாகவும், பணத்தைப் போர் முடிந்தபின் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக முகாமுக்குள்ளேயே வாட்ச் வந்தது. ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் செருப்புத் தைக்கும் வேலை பார்த்த ஒரு கார்ப்பரல் 1943-ல் 3525 என்ற கிரோனோகிராஃபுக்கு, அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்சுக்கு, எழுதிப்போட்டார். வந்தும் சேர்ந்தது.

அதே முகாமிலிருந்துதான் 1944 மார்ச் இறுதியில் சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள், அதில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வில்ஸ்டோர்ஃபின் செயலில் வியாபாரமும் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ‘போர் முடிந்து நீங்கள் உயிரோடு வந்து பணம் கொடுப்பீர்கள்’ என்று முள்வேலிக்குள் இருப்பவரிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

ரேடியம் வாட்ச் கையில் கட்டினா கேன்சர் வருமா?

நம் ஊரில் பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுவதைக்கூட ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்கிறோம். அதில் ரேடியம் துளியும் கிடையாது, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் தாள் அது. ஆனால் இந்தப் பழைய வாட்சுகளில் இருப்பது நிஜமான ரேடியம். துத்தநாக சல்பைடோடு கலந்து எண்களிலும் முட்களிலும் தீட்டுவார்கள். ரேடியத்தின் கதிர் பட்டு சல்பைடு இரவு பகல் ஒளிரும்.

ஆபத்து அதிகம் கட்டியவருக்கு இல்லை, தீட்டியவருக்குத்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டே வேலை பார்த்த இளம்பெண்கள் பலர் 1920-களில் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியில் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து டயல் தீட்டினார்கள். 2015 முதல் அந்த நாட்டு அரசு வீடு வீடாகச் சோதித்து, படிந்திருந்த ரேடியத்தை அகற்றியது. பல தலைமுறை தாண்டியும் தரையில் மிச்சம் இருந்தது.

மூடிய வாட்சை எப்போதாவது கட்டுவதில் பெரிய பயம் வேண்டாம். ஆனால் பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். டயலைச் சுரண்டவோ ஊதவோ கூடாது, அந்தத் தூள் மூச்சில் போனால்தான் ஆபத்து. படுக்கை அறையில், பூட்டிய சின்னப் பெட்டிக்குள் பல வாட்சுகளைக் குவித்து வைக்காதீர்கள், ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வரும். குழந்தை கையில் கொடுக்கவே வேண்டாம்.

இப்போ இருட்டில் எரியவே இல்லையே, அப்போ ரேடியம் தீர்ந்துபோச்சுதானே?

இல்லை, இதுதான் பலர் ஏமாறும் இடம். தீர்ந்தது சல்பைடு. கதிர் தொடர்ந்து பட்டதில் அது செத்துவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 வருடம், 1945-ல் தீட்டியது இன்றும் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. பழுப்பேறி, பாதி உதிர்ந்த அந்த எண்களை முந்தைய பதிலில் சொன்ன அதே கவனத்தோடு கையாளுங்கள். டயலில் டி என்ற எழுத்து வட்டத்துக்குள் இருந்தால் அது பிற்காலத்து டிரிடியம் என்ற வேறு கதிர்ப்பொருள். அதன் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம்தான்.

எல்லாரும் ஒரே நொடியில் நேரம் வைப்பது எப்படி? திருகை இழுத்தா முள் நிற்குமா?

அமெரிக்க ஏ-11-ல் நிற்கும். ஜெர்மன் விமானப்படையின் 55 மில்லிமீட்டர் வாட்சிலும் நிற்கும். பிரிட்டிஷ் பன்னிரண்டில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி கிடையாது. திருகை இழுத்து மெல்லப் பின்னோக்கித் திருப்பி அழுத்தம் கொடுத்தால் நொடி முள் தயங்கி நிற்கும், அதை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் எண்பது வயது மெஷினில் இதைப் பழக்கமாக்காதீர்கள்.

எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தார். வெஸ்ட் எண்ட் வாட்ச் ஒண்ணு இருக்கு. அது ராணுவ வாட்சா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெஸ்ட் எண்ட் 1886-ல் பம்பாயில் தொடங்கிய நிறுவனம், ஆனால் வாட்ச் சுவிஸ். அவர்களின் புகழ்பெற்ற வகைக்கு ‘சவார்’ என்று பெயர், குதிரைப்படை வீரன் என்று பொருள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக் பக்கம், போன இந்திய வீரர்கள் நிறையப் பேர் வெஸ்ட் எண்ட் கட்டியிருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவுக்காரர்கள் அங்கேயும், அடுத்த போரில் பர்மாவிலும் இருந்தார்கள். அதனால் நம் ஊர்ப் பெட்டிகளில் இவை கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

அரசு கொடுத்ததா என்று தெரிய, முன்னால் சொன்ன அம்புக்குறியைப் பின்மூடியில் தேடுங்கள். இல்லாவிட்டால் தாத்தா தன் சம்பளத்தில் வாங்கியிருப்பார். அதில் ஒரு குறையும் இல்லை. சிப்பாயின் சம்பளத்தில் ஒரு சுவிஸ் வாட்ச் வாங்குவது அன்றைக்கு லேசான காரியமா என்ன?

அப்போ எச்.எம்.டி. ஜவான்?

பெயரிலேயே சிப்பாய் இருந்தாலும் சுவிஸ் சம்பந்தம் இல்லை. எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கியது. நல்ல வாட்ச், தாராளமாகக் கட்டுங்கள்.

ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்கு ‘உலகப் போர் சுவிஸ் மிலிட்டரி வாட்ச்’ வருதே, வாங்கலாமா?

வேண்டாம். நானும் தொடக்கத்தில் ஒன்று வாங்கினேன். படத்தில் கறுப்பு டயல், வெள்ளை அம்பு, பளபளவென்று இருந்தது. வந்ததும் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். நொடி முள் ஓட்டையின் விளிம்பில் பெயிண்ட் வழிந்து மேடு தட்டியிருந்தது. அம்பின் இடது கால் வலது காலைவிடக் குட்டை. 6-ன் வால் நொடி வட்டத்துக்குள் ஏறியிருந்தது. உள்ளே 1960-களின் சாதாரண மெஷின், மூன்று வெவ்வேறு வாட்சுகளின் உறுப்புகள். மேலே யாரோ தூரிகையில் ஒரு போரை வரைந்து விற்றிருக்கிறார்கள்.

உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் இவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். இதே நாட்டில் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஐம்பது வருடம் நேர்மையாக ரிப்பேர் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வாங்குமுன் பின்மூடியின் உள்பக்கம், மெஷின், லென்ஸில் டயல் என்று மூன்று படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

டயல் ரொம்பக் கறை படிஞ்சிருக்கு. புதுசா பெயிண்ட் பண்ணிடலாமா?

செய்யாதீர்கள். ரேடியம் தூள் பற்றிச் சொன்னேன், அது முதல் காரணம். அடுத்தது, அழித்த டயல் திரும்ப வராது. பின்மூடியைப் பஃபிங் போட்டு மெருகேற்றுவதும் அப்படித்தான், எண்களின் ஆழம் போய்விடும். மெஷினைக் கழுவி எண்ணெய் விடுவது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் புது டயலும் போலி அல்ல. போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவப் பட்டறைகளே பல வாட்சுகளில் ரேடியம் டயலைக் கழற்றி வேறு டயல் மாட்டின. அதுவும் அந்த வாட்சின் வரலாறுதான், அப்படியே விடுங்கள்.

பின்மூடியில் மூணு டபிள்யூவும் இருக்கு, கூடவே ஏ.டி.ஆர்.ஐ.ன்னு வெட்டியிருக்கு. போலியா?

போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். போருக்குப் பின் பிரிட்டன் இந்த வாட்சுகளில் ஒரு பகுதியை டச்சு ராணுவத்துக்குக் கொடுத்தது. அவை டச்சுக்காரர்களோடு இந்தோனேசியாவுக்குப் போயின. அங்கே விடுதலைப் போர் முடிந்து 1949-ல் டச்சு ஆட்சி விலகியபின், வாட்சுகள் புதிய நாட்டின் ராணுவத்துக்குக் கைமாறின. அந்த நான்கு எழுத்தும் இந்தோனேசியக் குடியரசின் தரைப்படையைக் குறிக்கும். சுவிஸ் கை செய்து, பிரிட்டன் குறி குத்தி, டச்சுக்காரன் கட்டி, கடைசியில் அவனிடமிருந்து விடுதலை பெற்றவன் தன் பெயரை அதில் வெட்டியிருக்கிறான். இப்படி ஒன்று கிடைத்தால் நான் கறையில்லாத வாட்சைவிட இதைத்தான் எடுப்பேன்.

பெர்லின் படத்தில் ரஷ்ய வீரன் கையில் ரெண்டு வாட்ச் இருந்ததுன்னு சொல்றாங்களே?

1945 மே 2, ரெய்க்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் செங்கொடி ஏற்றும் படம், எடுத்தவர் யெவ்கெனி கால்தேய். கொடி பிடித்தவரைக் கீழே தாங்கி நின்ற அதிகாரியின் இரண்டு கையிலும் வாட்ச் தெரிந்தது. கொள்ளை அடித்தது என்று பேச்சு வருமே என்பதால் படச்சுருளில் ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அது வாட்ச் இல்லை, கை திசைகாட்டி என்று சொல்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், போர் முடியும் இடத்தில் வாட்சுகள் கைமாறின. இறந்தவர் கையிலிருந்தும் கைமாறின. உங்கள் கையில் இருப்பது எந்த வழியில் வந்தது என்று பெரும்பாலும் தெரியப்போவதில்லை.

தினமும் கட்டலாமா? மழையில் நனையலாமா?

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியது 1945-ல். அந்த வாஷர் இன்று கல்லாகியிருக்கும். கை கழுவும்போதுகூடக் கழற்றி வையுங்கள். நம் ஊர் வியர்வையும் கடற்கரைக் காற்றும் உள்ளே போனால் துருதான். தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கட்டாமல் வைத்தாலும் மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள்.

பின்னால் யாரோ ஒருவர் பெயரும் ரெஜிமெண்ட் நம்பரும் கீறியிருக்கு. அழிச்சிட்டா நல்ல விலை போகுமாம், செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஆணி முனையாலோ கத்தி முனையாலோ, கோணல்மாணலாக ஒருவர் தன் கையால் கீறியது அது. இப்போதெல்லாம் அந்த மாதிரிப் பெயர் உள்ள வாட்சுக்குத்தான் விவரம் தெரிந்தவர்கள் அதிகம் கொடுக்கிறார்கள்.

உங்கள் குடும்பத்து வாட்ச் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பாட்டியோ பெரியப்பாவோ இருக்கும்போதே கேட்டு, யார் கட்டியது, எந்தப் பிரிவு, எந்த ஊரிலிருந்து எந்த வருடம் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வாட்சோடு அதே டப்பாவில் வையுங்கள். பென்சிலில் எழுதினால் போதும், மையைவிட அது ஈரத்தில் நிற்கும்.